இஸ் போடுவதா, ஆர் போடுவதா? ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுவாய்–வினைப் பொருத்தம் சொல்லித் தருவது எப்படி

மாலைவகுப்பு எழுதியது:

தமிழ் வழியில் படிக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். காலங்கள், செயப்பாட்டு வினை எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. எழுவாய்க்குத் தக்க வினை போடுவதில்தான் தேங்கி நிற்கிறார்கள். கைடுகளில் 20, 25 விதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு விதியும் கைக்கு வருவதில்லை.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை. எல்லாரும் எளிதாகப் படிக்க ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

"மை ஃபாதர் கோ டு ஆஃபீஸ்."
"ஷீ ஹேவ் டூ பிரதர்ஸ்."
"ஹீ டோன்ட் லைக் மில்க்."
"தி டீச்சர் ஆர் கமிங்."
"தி ப்ரைஸ் ஆஃப் தி மாங்கோஸ் ஆர் ஹை."
"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் இன் சென்னை."
"எவ்ரிபடி ஹேவ் கம்."

எதை முதலில் சொல்லித் தருவது? 25 விதிகளைச் சுருக்க வழி உண்டா? எழுதி முடித்ததும் பிள்ளைகள் தாங்களே சரிபார்க்க ஒரு முறை வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். நீங்கள் கொடுத்த ஏழும் ஒரே தவறு அல்ல. பெரும்பாலானவற்றின் பின்னால் தமிழின் பழக்கம் ஒன்று நிற்கிறது. அதைக் காட்டிவிட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

முதலில் பயத்தைப் போக்குங்கள். வினையை எழுவாயோடு பொருத்துவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள், மாடு வந்தது, மாடுகள் வந்தன. திணை, பால், எண், இடம் நான்கையும் நம் வினைமுற்றே காட்டிவிடுகிறது. ஆங்கிலம் கேட்பது இதைவிட மிகக் குறைவு. சாதாரண வினைக்கு நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமையில் மட்டும் ஒரு எஸ். இறந்தகாலத்தில் "ஹீ வென்ட், தே வென்ட்" என்று எல்லாருக்கும் ஒன்றுதான். வில், கேன், மஸ்ட், ஷுட் இவற்றுக்குப் பின்னாலும் மாற்றம் கிடையாது. ஆக, தவறு நேரக்கூடிய இடங்கள் ஐந்தே: நிகழ்கால எஸ், இஸ்–ஆம்–ஆர், வாஸ்–வேர், ஹாஸ்–ஹேவ், டூ–டஸ். கரும்பலகையின் ஓரத்தில் இந்த ஐந்தையும் எழுதி அழிக்காமல் விட்டுவையுங்கள். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை என்று தெரிந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

இனி உங்கள் பட்டியல். "ஹீ டோன்ட் லைக்" ஏன் வருகிறது? தமிழில் "இல்லை" சேரும் எதிர்மறைக்குப் பொருத்தம் இல்லை. அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை, மாடு வரவில்லை. எல்லாவற்றுக்கும் "வரவில்லை" ஒன்றே. அந்தப் பழக்கத்தில் எல்லாருக்கும் "டோன்ட்" போட்டுவிடுகிறார்கள். "ஆங்கிலத்தில் இல்லை என்று சொல்லும்போதும் ஆளைப் பார்க்க வேண்டும்" என்று தனியாகவே சொல்ல வேண்டும். அதைத் திருத்தியதும் அடுத்த தவறு முளைக்கும்: "ஹீ டஸன்ட் லைக்ஸ்." எஸ் ஏற்கெனவே டஸ்ஸுக்குள் போய்விட்டது, பின்னால் வரும் வினை வெறுமையாக நிற்க வேண்டும். கேள்வியிலும் அப்படியே: "டஸ் ஷீ சிங்?" இரண்டையும் ஒரே நாளில் சொல்லித் தந்துவிடுவது நல்லது.

"ஷீ ஹேவ் டூ பிரதர்ஸ்" வேறு வகை. "அவளுக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்னும்போது நம் வினை தம்பிகளைப் பார்த்து நிற்கிறது, உடையவளைப் பார்த்து அல்ல. ஆங்கிலத்தில் உடையவள்தான் எழுவாய். தம்பி இரண்டு பேரானாலும் இருபது பேரானாலும் "ஷீ ஹாஸ்" மாறாது. "ஷீ ஹாஸ் எ பென், ஷீ ஹாஸ் டென் பென்ஸ், தே ஹேவ் எ பென்" என்று மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால் போதும்.

"தி டீச்சர் ஆர் கமிங்" மரியாதையால் வருவது. "டீச்சர் வர்றாங்க" என்கிறோம். "அவங்க" என்பது அம்மாவுக்கும் பொருந்தும், பத்துப் பேருக்கும் பொருந்தும். அதனால் சில பிள்ளைகள் ஆசிரியரைப் பற்றி எழுதும் பத்தியில் பாதியிலேயே "தே" என்று தாவிவிடுவார்கள். ஆங்கில வினையில் மரியாதைப் பன்மை இல்லை. தலைமையாசிரியரோ குடியரசுத் தலைவரோ, ஓர் ஆள் என்றால் இஸ்தான்.

"மை ஃபாதர் கோ" என்பது மட்டுமே எளிய எஸ் பிரச்சினை. பெயர்ச்சொல்லில் எஸ் வந்தால் பன்மை, வினையில் எஸ் வந்தால் ஒருமை என்பதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. அதையே கருவியாக்குங்கள்: "தி பாய் ப்ளேஸ், தி பாய்ஸ் ப்ளே." இரண்டில் ஒன்றுக்குத்தான் எஸ். இரண்டுக்கும் இருந்தாலோ, இரண்டுக்கும் இல்லாவிட்டாலோ நின்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தவறு என்று அல்ல. ஐ, யூ இரண்டுக்கும் எஸ் இல்லை. சில்ட்ரன், மென், பீப்பிள் எஸ் இல்லாத பன்மைகள். பஸ், பாஸ் போன்றவை எஸ்ஸில் முடியும் ஒருமைகள். "தி பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்" சரியான வாக்கியம்தான்.

எழுத்துக்கூட்டலை இதோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். எஸ், எக்ஸ், சிஎச், எஸ்எச், ஓ ஆகியவற்றில் முடிந்தால் இஎஸ்: வாட்சஸ், ஃபிக்சஸ், கோஸ். மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் ஒய் போய் ஐஇஎஸ்: ஸ்டடீஸ், கேரீஸ். உயிரெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் வெறும் எஸ்: ப்ளேஸ், பைஸ்.

வரிசை என்று கேட்டால்: முதலில் இஸ்–ஆம்–ஆர், வாஸ்–வேர். அடுத்து ஹாஸ்–ஹேவ். மூன்றாவது எஸ்ஸும் டஸ்ஸும். இந்த மூன்றும் கை பழகும்வரை, சிறு எழுவாய்களை மட்டுமே கொடுங்கள். நீண்ட எழுவாய்களை அதற்குப் பிறகு தொடலாம். கைடுகள் "நைதர்–நார்" விதியை இரண்டாவது பக்கத்திலேயே வைப்பது வீண். "ஹீ டோன்ட்" என்று எழுதும் பிள்ளைக்கு அது இப்போது தேவையில்லை.

சொற்கட்டு எழுதியது:

கரும்பலகை சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மாம்பழ வாக்கியத்தையும் "ஒன் ஆஃப்" வாக்கியத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். கைடுகளில் உள்ள விதிகளில் ஏறக்குறைய பாதி, உண்மையில் ஒரே விதி.

"மாம்பழங்களின் விலை அதிகம்." இதில் தலைச்சொல், அதாவது தொடரின் முக்கியப் பெயர், விலை. தமிழில் தலைச்சொல் எப்போதும் தொடரின் கடைசியில், வினைக்குப் பக்கத்தில் நிற்கும். அடைமொழி எவ்வளவு நீண்டாலும் முன்னால்தான் சேரும். ஆங்கிலத்தில் தலைகீழ். "தி ப்ரைஸ் ஆஃப் தி மாங்கோஸ்" என்பதில் தலைச்சொல் ப்ரைஸ் முதலில் வந்துவிடுகிறது, வினைக்கு அருகில் மாங்கோஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தே வினை போட்டுப் பழகிய நம் பிள்ளை மாங்கோஸைப் பார்த்து ஆர் போடுகிறது. கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை, தாய்மொழி தந்த பழக்கம் அது.

அதே தாய்மொழியைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம். எழுவாயைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தொடரின் கடைசிப் பெயர் எதுவோ, அதற்கேற்ப வினை. இந்த ஒரு சோதனை எத்தனை விதிகளை விழுங்குகிறது என்று பாருங்கள்.

"தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்": பெயர்களின் பட்டியல். கடைசிச் சொல் பட்டியல், எனவே இஸ்.

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்": என் நண்பர்களில் ஒருவர். ஒருவர், எனவே இஸ். உங்கள் மாணவர் வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நண்பர்களில் ஒருவர் என்று தமிழிலேயே "கள்" வருகிறதே, ஃப்ரெண்ட் எப்படி ஒருமையாக இருக்கும்? "ஒன் ஆஃப்" வந்தால் பின்னால் பன்மைப் பெயர், அதற்குப் பின்னால் ஒருமை வினை. இந்த ஏறி இறங்கும் அமைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

"ஈச் ஆஃப் தி பாய்ஸ்": பையன்களில் ஒவ்வொருவனும். ஒருமை, எனவே ஹாஸ்.

"தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்": மாணவர்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றுதான், எனவே இஸ். "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்": பல மாணவர்கள். எனவே ஆர். முன்னால் நிற்கும் தி, எ இரண்டை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் தேர்வறையில் மாற்றிப் போட்டுவிடுவார்கள். தமிழில் சொல்லிப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

"தி ஹெட்மாஸ்டர் அலாங் வித் தி டீச்சர்ஸ்": ஆசிரியர்களுடன் தலைமையாசிரியர் வருகிறார். கடைசியில் நிற்பது தலைமையாசிரியர், எனவே இஸ் கமிங். அலாங் வித், டுகெதர் வித், அஸ் வெல் அஸ், இன் அடிஷன் டு, பிசைட்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். "உடன்" என்று வந்து ஒட்டிக்கொள்பவர்கள் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். ஆண்ட் மட்டுமே இரண்டு பேரையும் சமமாகச் சேர்க்கும்: "தி ஹெட்மாஸ்டர் ஆண்ட் தி டீச்சர்ஸ் ஆர் கமிங்."

"தி கேர்ள் ஹூ சிட்ஸ் பிஹைண்ட் மை ஃப்ரெண்ட்ஸ்": என் நண்பர்களுக்குப் பின்னால் உட்காரும் பெண். எனவே இஸ். இங்கே வினைகள் இரண்டு என்பதையும் காட்டுங்கள். சிட்ஸ், இஸ் இரண்டுமே அந்தப் பெண்ணுக்குப் பொருந்த வேண்டும்.

"ரீடிங் புக்ஸ்": புத்தகங்கள் படிப்பது நல்லது. படிப்பது தொழிற்பெயர், ஒருமை. எனவே இஸ்.

தமிழ் வேண்டாம், ஆங்கிலத்திலேயே சோதிக்க வேண்டும் என்பவர்கள் எழுவாய் முழுவதையும் நீக்கிவிட்டு ஹீ, ஷீ, இட், தே நான்கில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மாம்பழங்களின் விலைக்கு இட்தான் பொருந்தும், தே பொருந்தாது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் இதுவே வேகமானது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்ச் சோதனையே நன்றாக வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தமிழில் "மேசை மேல ரெண்டு புத்தகம் இருக்கு" என்போம். அஃறிணையில் "கள்" போடுவதும் இல்லை, வினையைப் பன்மையாக்குவதும் இல்லை. அந்தத் தமிழை வைத்துச் சோதித்தால் "தேர் இஸ் டூ புக்" என்றுதான் வரும். எழுத்துத் தமிழில் "இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன" என்று சொல்லச் சொல்லுங்கள். தமிழ் ஆசிரியர் "மாடுகள் மேய்ந்தது" என்பதைப் பால் வழு என்று திருத்துகிறாரே, அதே பாடம்தான் இது. இரண்டு ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் நடத்தினால் பிள்ளைகளுக்கு இரட்டை லாபம்.

வழாநிலை எழுதியது:

சொற்கட்டு தந்த தமிழ்ச் சோதனை அருமையானது. ஆனால் அது கைவிடும் இடங்களைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். 25 விதிகளில் உண்மையாகவே மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இடங்கள்தாம்.

பெரியது "எவ்ரிபடி". தமிழில் எல்லாரும் வந்தார்கள், பன்மை. ஆங்கிலத்தில் எவ்ரி, ஈச் என்று தொடங்கினால் ஒருமை. பாடி, ஒன், திங் என்று முடியும் எவ்ரிஒன், சம்படி, நோபடி, எனிதிங், நத்திங் அனைத்தும் ஒருமை. "எவ்ரிபடி ஹாஸ் கம்." இரண்டைச் சேர்த்தாலும் மாறாது: "எவ்ரி பாய் ஆண்ட் எவ்ரி கேர்ள் ஹாஸ் எ புக்." இதற்குக் காரணம் சொல்லலாம்: ஆங்கிலம் கூட்டத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக எண்ணுகிறது. ஆனால் ஆல் என்பதோடு பன்மைப் பெயர் வந்தால் வினையும் பன்மை: "ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் கம்." இந்த இரண்டையும் அருகருகே வைத்தே பயிற்சி கொடுக்க வேண்டும்.

அடுத்து "மெனி எ ஸ்டூடன்ட்". தமிழில் பல மாணவர்கள் என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் "மெனி எ ஸ்டூடன்ட் ஹாஸ் ஃபெயில்ட்." "மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட் வாஸ் ஆப்சென்ட்" என்பதும் இப்படியே. ஒன்றுக்கு மேல் என்றால் பன்மைதானே என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். வாதம் நியாயமானதே. அருகில் ஒற்றைப் பெயராக ஸ்டூடன்ட் நிற்பதால் வினை அதைப் பின்பற்றுகிறது என்று சொல்லிவிடுங்கள்.

பங்கு சொல்பவை மூன்றாவது: ஹாஃப் ஆஃப், சம் ஆஃப், மோஸ்ட் ஆஃப், எ லாட் ஆஃப், டூ தேர்ட்ஸ் ஆஃப். தமிழ்ச் சோதனைப்படி "முட்டைகளில் பாதி" என்றால் பாதிதான் தலைச்சொல். ஆனால் ஆங்கிலம் இங்கே ஆஃப்புக்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கிறது. "ஹாஃப் ஆஃப் தி ரைஸ் இஸ் குக்ட். ஹாஃப் ஆஃப் தி எக்ஸ் ஆர் பாயில்ட்." எண்ண முடிகிற பன்மையானால் ஆர், எண்ண முடியாத பொருளானால் இஸ்.

நான்காவது ஐதர்–ஓர், நைதர்–நார், நாட் ஒன்லி–பட் ஆல்சோ. வினைக்கு அருகில் உள்ள எழுவாயைப் பார்க்க வேண்டும். "நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் ப்ரெசன்ட்." திருப்பிப் போட்டால் "நைதர் தி ஸ்டூடன்ட்ஸ் நார் தி டீச்சர் வாஸ் ப்ரெசன்ட்." இரண்டும் சரி. சொந்தமாக எழுதும்போது பன்மையை இரண்டாவதாக வைத்துவிட்டால் வாக்கியம் காதுக்கும் உறுத்தாது. ஆனால் "நைதர் ஆஃப் தி பாய்ஸ்", "ஐதர் ஆஃப் தி பாய்ஸ்" என்று ஆஃப் வந்தால் கதை வேறு. அங்கே ஒருமை: "நைதர் ஆஃப் தி பாய்ஸ் இஸ் ரெடி." நார் வருகிறதா, ஆஃப் வருகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

ஐந்தாவது, எண்ண முடியாத பெயர்கள். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், மேசை நாற்காலிகள் என்று தாராளமாகப் பன்மை வரும். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் இவற்றுக்கு எஸ் கிடையாது, வினையும் ஒருமை. எண்ண வேண்டுமென்றால் "த்ரீ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்." அப்போது பீசஸ் தலைச்சொல் ஆகிவிடுவதால் வினை பன்மை.

தோற்றம் ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், எகனாமிக்ஸ், மீசில்ஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. போலீஸ், கேட்டில், பீப்பிள் எஸ் இல்லாவிட்டாலும் பன்மை: "தி போலீஸ் ஹேவ் அரெஸ்டட் ஹிம்." சிசர்ஸ், ட்ரவுசர்ஸ், ஸ்பெக்டகில்ஸ் பன்மை. முன்னால் "எ பேர் ஆஃப்" சேர்த்தால் ஒருமை. தி ரிச், தி புவர் என்பவை பணக்காரர்கள், ஏழைகள் என்று ஆட்களைக் குறிப்பதால் பன்மை.

பணம், தூரம், காலம் ஆகியவற்றுக்கு மட்டும் தமிழில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. பின்னால் "என்பது" சேர்த்துப் பாருங்கள். "ஐந்நூறு ரூபாய் என்பது பெரிய தொகை." "பத்து கிலோமீட்டர் என்பது நீண்ட தூரம்." என்பது பொருந்தினால் மொத்தமாக ஒன்று, எனவே இஸ். மேசை மீது பத்து நாணயங்கள் சிதறிக் கிடந்தால் "நாணயங்கள் என்பது" பொருந்தாது, அங்கே ஆர். "ப்ரெட் ஆண்ட் பட்டர் இஸ் ஹிஸ் ப்ரேக்ஃபாஸ்ட்" என்பதும் இதே கணக்கு. ரொட்டியும் வெண்ணெயும் சேர்ந்து ஒரே உணவு.

கடைசியாக ஒன்று. தேர், ஹியர், வேர் ("எங்கே" என்னும் வேர்) என்று தொடங்கும் வாக்கியங்களில் எழுவாய் வினைக்குப் பின்னால் வரும். "வேர் இஸ் மை புக்ஸ்" என்று வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள். வாக்கியத்தின் முதல் சொல்லைப் பார்த்து வினை போடக் கூடாது, பின்னால் வரும் பெயரைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். "தேர் ஆர் டூ பென்ஸ், ஹியர் ஆர் யுவர் மார்க்ஸ்."

மாலைவகுப்பு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தலைச்சொல் விளக்கம் எனக்கே பல இடங்களைத் தெளிவாக்கிவிட்டது. மூன்று சந்தேகங்கள். கிரிக்கெட் வர்ணனையில் "இந்தியா ஆர் பேட்டிங்" என்கிறார்களே, பிள்ளைகள் அதைச் சொல்லி மடக்குகிறார்கள். "இஃப் ஐ வேர் யூ" என்பதில் ஐக்கு வேர் எப்படி? "ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ" என்று வந்தால் ஹாஸா, ஹேவா?

கூடவே ஒரு மாணவியின் பத்தியும் தருகிறேன். இதை வைத்துச் சரிபார்க்கும் முறையைச் சொன்னால் அப்படியே வகுப்பில் செய்துகாட்டுவேன்.

"மை ஸ்கூல் ஹேவ் எ பிக் லைப்ரரி. தேர் இஸ் மெனி புக்ஸ் இன் இட். ஈச் ஆஃப் தி ராக்ஸ் ஆர் நம்பர்ட். தி லைப்ரேரியன் அலாங் வித் டூ ஸ்டூடன்ட்ஸ் அரேஞ்ச் தி புக்ஸ் எவ்ரி மண்டே. தி ஃபர்னிச்சர்ஸ் இன் தி ரூம் ஆர் நியூ. ரீடிங் நியூஸ்பேப்பர்ஸ் ஆர் மை ஹாபி."

கரும்பலகை எழுதியது:

கிரிக்கெட்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். டீம், ஃபேமிலி, கமிட்டி, ஜூரி போன்ற கூட்டப்பெயர்களுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் பன்மை வினையும் சரி. விளையாட்டில் நாட்டின் பெயர் பதினொரு ஆட்டக்காரர்களைக் குறிப்பதால் "இந்தியா ஆர் பேட்டிங்" என்பது அங்கே பிழையில்லை. அதே இந்தியா நாட்டைக் குறித்தால் "இந்தியா இஸ் எ பிக் கன்ட்ரி" மட்டுமே. அமெரிக்க வழக்கில் கூட்டப்பெயருக்குப் பெரும்பாலும் ஒருமைதான். பள்ளித் தேர்வுக்குக் குழு ஒன்றாகச் செயல்பட்டால் ஒருமை, உறுப்பினர்கள் தனித்தனியாகப் பிரிந்தால் பன்மை என்று எழுதச் சொல்லுங்கள்: "தி ஜூரி வாஸ் யுனானிமஸ். தி ஜூரி வேர் டிவைடட் இன் தேர் ஒப்பீனியன்ஸ்." ஒரே பத்தியில் டீமுக்கு ஒருமுறை இஸ், மறுமுறை ஆர் என்று மாற்றிப் போடுவதுதான் உண்மையான தவறு.

சொற்கட்டு எழுதியது:

"இஃப் ஐ வேர் யூ" நடக்காததைக் கற்பனை செய்யும் வாக்கியம். அந்த இடத்தில் எல்லாருக்கும் வேர்தான்: இஃப் ஹீ வேர், ஐ விஷ் ஐ வேர். நடந்த செய்தியைச் சொல்லும்போது ஐ வாஸ். இதைப் பொருத்தப் பாடத்தில் கலக்காமல், இஃப் பாடம் நடத்தும்போது சொன்னால் போதும்.

ஹூ விஷயத்தில் தமிழ்ச் சோதனை மறுபடியும் உதவும். "ஷீ இஸ் ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட்." தேர்ச்சி பெற்ற மாணவர்களில் அவள் ஒருத்தி. "தேர்ச்சி பெற்ற" என்னும் பெயரெச்சம் மாணவர்களைத் தழுவுகிறது, ஆகவே ஹேவ். முன்னால் "தி ஒன்லி ஒன்" வந்தால் ஹாஸ்: "ஷீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹாஸ் பாஸ்ட்." மாணவர்களில் தேர்ச்சி பெற்றவள் அவள் ஒருத்தியே. இது பத்தாம் வகுப்புக்கு அவசியமில்லை. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வேண்டும்.

வழாநிலை எழுதியது:

சரிபார்க்கும் முறைக்கு வருகிறேன். எழுதும்போதே எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னால் பிள்ளைக்கு எழுத்தே ஓடாது. முதலில் எழுதி முடிக்கட்டும். தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தைக் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேலைக்காகப் படிக்க வேண்டும், பொருத்தம் பார்ப்பதற்காக. எழுத்துப் பிழை, கமா எதையும் அப்போது தேடக் கூடாது.

பென்சிலால் வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு. ஒவ்வொரு வினைக்கும் முன்னால் "யார், எது" என்ற கேள்வி. கிடைத்த எழுவாயில் ஆஃப், இன், வித், அலாங் வித் என்று தொடங்கும் ஒட்டுத் தொடர்களைச் சுற்றி அடைப்புக் கோடு. மிஞ்சுவது தலைச்சொல். அதை இட் அல்லது தே ஆக்கி வினையோடு சேர்த்து மெல்ல உச்சரித்துப் பார்க்க வேண்டும். பங்கு சொல்லும் ஹாஃப், சம், மோஸ்ட், எ லாட் வந்தால் மட்டும் அடைப்புக் கோடு போடக் கூடாது. "எ நம்பர் ஆஃப்" வந்தாலும் அப்படியே.

உங்கள் மாணவியின் பத்தியில்:

முதல் வாக்கியம். யாரிடம் இருக்கிறது? ஸ்கூல். இட் ஹாஸ். எனவே "மை ஸ்கூல் ஹாஸ்."

இரண்டாவது. தேர் என்று தொடங்குவதால் பின்னால் பார்க்க வேண்டும். மெனி புக்ஸ், எனவே "தேர் ஆர்."

மூன்றாவது. "ஆஃப் தி ராக்ஸ்" அடைப்புக்குள் போகிறது. மிஞ்சுவது ஈச், எனவே "இஸ் நம்பர்ட்."

நான்காவது. "அலாங் வித் டூ ஸ்டூடன்ட்ஸ்" அடைப்புக்குள். நூலகர் ஒருவர், எனவே "அரேஞ்சஸ்." இங்கே ஒட்டுத் தொடருக்கு முன்னும் பின்னும் கமா போடப் பழக்கினால் தலைச்சொல் கண்ணுக்குத் தனியாகத் தெரியும்.

ஐந்தாவது. பெயரே பிழை. எஸ்ஸை நீக்கி "தி ஃபர்னிச்சர் இன் தி ரூம் இஸ் நியூ." இதில் வினையை மட்டும் திருத்தி "ஃபர்னிச்சர்ஸ் இஸ்" என்று விட்டுவிடும் பிள்ளைகள் அதிகம், இரண்டையும் சேர்த்தே திருத்தச் சொல்லுங்கள்.

ஆறாவது. ஹாபி எது? செய்தித்தாள்கள் அல்ல, படிப்பது. எனவே "ரீடிங் நியூஸ்பேப்பர்ஸ் இஸ் மை ஹாபி."

ஆறு வாக்கியத்திலும் பிழை என்று சிவப்பு மையால் நிரப்பித் திருப்பிக் கொடுக்காதீர்கள். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து, எங்கே என்று அவரே கண்டுபிடிக்கட்டும். ஒரு நாளைக்கு எட்டு வாக்கியங்கள் போதும். அவற்றில் இரண்டு மூன்று சரியானவையாக இருக்க வேண்டும். எல்லாமே பிழை என்று தெரிந்தால் பிள்ளைகள் யோசிக்காமல் இஸ்ஸை ஆர் என்றும் ஆரை இஸ் என்றும் மாற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தலைச்சொல்லை எழுதினால்தான் மதிப்பெண் என்று வைத்துவிடுங்கள். "இஸ்" என்று சரியாக எழுதி, தலைச்சொல்லாக மாங்கோஸ் என்று எழுதியிருந்தால் அது குருட்டடி. அந்தப் பிள்ளைக்குச் சொற்கட்டு சொன்ன பாடத்தை மறுபடி நடத்த வேண்டும்.